பிடி நடந்த எல்லை

காஞ்சியில் பல்லவர் ஆட்சி இன்றைக்கும் நடக்கிறது. திருத்தணி பஸ் நிலையத்தில் காளைக் கொடி பறக்கிறது. வரியைக்கூட செல்போனிலேயே கட்டிவிடலாம். நிலம் தானம் கொடுப்பதில் மட்டும் பழைய முறைதான். பிடியை, அதாவது பெண் யானையை, நடக்க விடுவார்கள். அது வளைத்த இடம் யாருடையதாக இருந்தாலும் தானம் பெற்றவருக்கே சொந்தம். யானையைத் தடுக்கச் சக்கரவர்த்திக்கே உரிமை கிடையாது.

கே.ஜி.கண்டிகை சுலோச்சனாவுக்கு இரண்டு ஏக்கர் தானமாக வந்தது. பன்னிரண்டு வருடம் அவள் குத்தகைக்கு உழுத அதே அரசு நிலம். ஆனால் அதில் கிணறு இல்லை. கிணறு பக்கத்து நிலத்து விஜயராகவனுடையது. குத்தகைக்காரியாக இருந்தவரை தண்ணீர் விட்ட மனுஷன், நிலம் அவளுக்கே என்று தெரிந்ததும் மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டார். நட்டுப் பத்து நாளான நெல் வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

யானை வரும் நாளில் வரப்போரம் கரும்பு நிற்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தன் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரட்டும் என்று அசட்டையாக இருந்துவிட்டார் விஜயராகவன். மூன்று பக்கமும் ஒழுங்காக வந்த யானை, நாலாவது பக்கம் தும்பிக்கையைத் தூக்கியது. அவ்வளவுதான், கரும்புக்குள் புகுந்து சாவகாசமாகத் தின்றுகொண்டே ஒரு சுற்று சுற்றி வந்தது.

“ஐயோ, யாராவது நிறுத்துங்களேன்!” என்று கத்தினார் விஜயராகவன். பாகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நில அதிகாரி பரணிதரன் வரைபடத்தைப் பார்த்தார். “ஒரு ஏக்கர் கரும்பு உன் பக்கம் வந்துடுச்சிம்மா. செப்பேட்டுல வெட்டிடலாமா?”

சுலோச்சனாவுக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. பத்து நாளாகக் கெஞ்சவிட்டவருக்கு இது வேண்டும் என்றும் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார் அவர். பாவமாக இருந்தது.

“சார், வந்தத திருப்பிக் குடுக்கலாங்களா?”

“குடுக்கலாம். பதிலுக்கு என்ன வாங்கினன்னு எழுதணும்.”

“கரும்பு அண்ணனுக்கே இருக்கட்டும். அவரு கெணத்துத் தண்ணி வாரத்துக்கு மூணு நாளு எனுக்கு. எனுக்கப்புறம் என் புள்ளைங்களுக்கும்னு எழுதுங்க.”

பரணிதரன் விஜயராகவனைப் பார்த்தார். அவர் சரியென்று தலையை ஆட்டினார். சந்திரன் சூரியன் உள்ளவரை என்று சேர்த்து, செப்பேடு வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார் அதிகாரி.

முதல் வரி வெட்டி முடிவதற்குள் மோட்டார் கொட்டகைப் பூட்டைத் திறந்துவிட்டார் விஜயராகவன்.

“இன்னிக்கே மொத நாளுன்னு வெச்சிக்கோம்மா,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வெடிப்புகள் அதைக் குடித்துக்கொண்டே இருந்தன. சுலோச்சனா வரப்பில் உட்கார்ந்து, ஊரே பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் அழுதாள்.