வராதவர் சமைத்த விருந்து

எங்கள் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு முட்டாள்தனம்தான் செய்தார். ராணுவத்தில் சேர்ந்த புதிதில், "யாருக்கெல்லாம் சமைக்கத் தெரியும்?" என்று கேட்டபோது கையைத் தூக்கிவிட்டார். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். அன்றைக்குக் கையில் திணித்த கரண்டியைச் சண்டை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்வரை அவர்கள் திரும்ப வாங்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் அவர் சிப்பாய். சிப்பாயாகச் சேர்ந்தார், சிப்பாயாக வெளியே வந்தார். நடுவில் அடுப்படியில் வெந்ததை எழுதிவைக்க யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா அவரைக் 'கரண்டிச் சிப்பாய்' என்பார். அப்பாவின் சொந்தத் தம்பி. தட்டைப் பாதம் என்று டாக்டர் சீட்டு வாங்கி ராணுவத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காத வீரர். ஆனால் குடும்பத்தில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், அந்தப் போரை அவர்தான் பக்கத்தில் நின்று நடத்திக்கொடுத்த மாதிரி பேசுவார். "அண்ணன் எதிரிக்குக் குழம்புல காரத்த அள்ளிப் போட்டுட்டாரு, அவன் சரணடைஞ்சுட்டான்" என்று சொல்லி, அவரே முதலில் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போர் முடிந்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாடுகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் அறிவித்து, யாரும் வாங்காமல் கிடக்கும் பதக்கங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கிறார்களாம். அப்பாவுக்கும் ஒன்று இருக்கிறதாம். வீரப் பதக்கம். மேசையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிப் படித்தார். அவர் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கியது.

"என்னம்மா இப்படி எழுதியிருக்கான்?"

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துவிடுவேன், இது அச்செழுத்து. 'பதக்க அணிவகுப்புக்கு மேற்படியார் வரவில்லை.'

"வரலையாமே?" என்றார். "நான் எங்கேம்மா போனேன்? அன்னிக்கு அத்தன பேருக்கும் நான்தானே சமைச்சேன்?"

பதக்கம் கொடுக்கும் நாளில் விருந்து. விருந்துக்கு அப்பா வேண்டும். எல்லோரும் மைதானத்தில் விறைப்பாக நிற்க, இவர் கூடாரத்துக்குப் பின்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். பெயரை வாசித்திருக்கிறார்கள். ஆள் இல்லை. வரவில்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிட வந்துவிட்டார்கள். பந்தியில் எவனோ ஒருத்தன் "உன் பேரையும் கூப்பிட்டாங்கப்பா" என்றானாம். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அப்பா அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றியிருக்கிறார்.

அந்தப் பதக்கம் எதற்கு என்பதும் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கேட்டால் அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார். மலைமேல் இருந்த முகாமை எதிரி சூழ்ந்துவிட்டான். சாப்பாட்டு வண்டியில் அப்பா மேலே போகிறார். பாதி வழியில் குண்டு பட்டு ஓட்டுநர் சரிந்துவிட்டார். அப்பா அதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, காலுக்கு எட்டியதையெல்லாம் மிதித்து வண்டியை மேலே கொண்டுபோய்விட்டார். அங்கே அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டு, அடிபட்டவர்களை அந்த இடத்தில் கிடத்தி, கியர் மாற்றத் தெரியாமல் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு கீழே இறங்கினார். இறக்கிவிட்டு மறுபடி ஏறினார். மேலே ஆள் மிச்சமில்லை என்று சொல்லும்வரை ஏறி இறங்கினார்.

"அவ்வளவு சாப்பாட்டையும் மண்ணுல கொட்டிட்டேம்மா" என்பார் கடைசியில். ஐம்பது வருஷமாக அவருக்கு அதுதான் வருத்தம்.

எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பாவின் வாயை அடைக்க வேண்டும். அதைவிட, அப்பாவின் சட்டையில் அது தொங்குவதை நான் பார்க்க வேண்டும். ஆகவே கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவரை ராணுவப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பதிவு அதிகாரி எங்களை நிமிர்ந்து பார்க்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பார்த்த பிறகு ஒரே அவசரம்.

"பதக்கம்தானே? இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அணிவகுப்புக்கு வராததால வாங்கிக்கலன்னு ஒத்துக்கறீங்க. அவ்ளோதான், முடிஞ்சுது."

"நான் வந்திருந்தேனே சார்."

"எங்க?"

"சமையல்கூடத்துல."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "இந்தப் படைப்பிரிவுல சமையல்காரர்னு யாரையுமே காட்டலையே."

"அப்ப அத்தன பேரும் காத்தக் குடிச்சுட்டா சண்டை போட்டாங்க?" என்றேன்.

"அது எங்க பிரிவு இல்லம்மா. உணவு வேற பிரிவு."

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட மாட்டாராம். முதலில் அந்த வார்த்தையை எடுக்க வேண்டுமாம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அடுப்புக்கு முன்னால் நின்றவன் நான், ஒரு வேளைகூட வராமல் இருந்ததில்லை என்று அதிகாரியிடம் சொல்லத் தொடங்கினார். அதிகாரி அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "வாங்கிட்டு வந்துடலாம்ப்பா. எவன் அந்த வரிய எடுத்துப் படிக்கப் போறான்?"

"நான் படிச்சுட்டேனேம்மா" என்றார்.

திருத்தத்துக்கு மனுப் போட்டோம். கல்லில் நார் உரிக்கும் வேலை. அந்த நேரத்தில் இவரை அடுப்படியில் பார்த்த சாட்சி வேண்டும் என்று எழுதினார்கள். கூடமாட வேலை செய்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெயரைச் சிபாரிசு செய்த தளபதியும் இல்லை. மற்ற அத்தனை பேரும் அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடிக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தவர்கள். இதை எழுதி அனுப்பினேன். நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. சித்தப்பா போன் செய்து, "எதுக்கும்மா வீண் அலைச்சல், அண்ணனுக்கு ஒரு நல்ல தோசைக்கரண்டியா வாங்கிக் குடுத்துடேன்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

திருத்தக் குழுவில் மூன்று பேர். நீள மேசை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சுவரில் ஏ.சி. ஒழுகி, கீழே வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாட்டையே காத்தவர்களால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வயதுக்கு மீறிய கறுப்பில் மீசை. வலப்பக்கம் சட்டம் தெரிந்த அம்மாள். இடப்பக்கம் ஒருவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. மேசை ஓரத்தில் குமாஸ்தா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்துவைத்தார். உள்ளே பதக்கம். அப்பா அதைப் பார்க்காமல் மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கனைத்துக்கொண்டு அப்பாவின் வீரச்செயலைப் படித்தார். மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தார். முடித்துவிட்டு, "அந்த அணிவகுப்புல நானும் இருந்தேன் தெரியுமா? இளம் அதிகாரி அப்போ" என்றார் பெருமையாக.

நான் விடவில்லை. "அப்படிங்களா ஐயா? அன்னிக்கு விருந்து உண்டா?"

"உண்டாவா! என்னம்மா இப்படிக் கேட்டுட்ட?" அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இறைச்சிக் குழம்பு, சுடச்சுட ரொட்டி. மாசக்கணக்கா வெறும் பருப்பே தின்ன நாக்கு எங்களுக்கு. நான் மூணு தடவ வாங்கினேன். அந்த மாதிரி இன்னிவரைக்கும் சாப்பிட்டதில்ல."

"யார் சமைச்சது?"

அப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

இடப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தலைவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு, "சரி, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? திருத்திடலாம்" என்றார்.

அப்போதுதான் சட்டம் தெரிந்த அம்மாள் தலைவரின் காதருகே குனிந்தார். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். தலைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஒரு சின்னச் சிக்கல்" என்றார். சொல்லிவிட்டு மென்று விழுங்கினார். அந்த அம்மாளே மிச்சத்தைச் சொன்னார். வீரப் பதக்கம் போர்ப் பிரிவினருக்கு மட்டும்தான். சமையல் பணியில் இருப்பவர்களுக்கு விதியில் இடமில்லை. பதிவு இப்படியே இருந்தால் அப்பா சிப்பாய். ஏதோ காரணத்தால் வராத சிப்பாய். பதக்கத்தை இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். சமையல் பணியில் இருந்தார் என்று திருத்தினால் அவர் சமையல்காரர் ஆகிவிடுவார். பதக்கம் செல்லாது.

"அந்தச் சண்டையில வண்டி ஓட்டினது யாரு, கரண்டியா?" என்று எழுந்துவிட்டேன். "ஆள் வரலன்னா பதக்கம் உண்டு, வந்திருந்தா கிடையாதா? இது எந்த ஊர் நியாயம்?"

"விதிம்மா" என்றார் தலைவர். அவருக்கு நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தக் கஷ்டத்தை வைத்துக்கொண்டு நாக்கைக்கூட வழிக்க முடியாது.

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். என் குரலே எனக்குக் கெஞ்சலாகக் கேட்டது. "அப்பா, பேசாம வாங்கிக்கங்கப்பா. எனக்காக."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் ஆசைதான். பெட்டிப் பக்கம் அவர் கண் ஒரு தடவை போய் வந்ததை நான் பார்த்தேன்.

"வராதவன்னு எழுதிக் குடுத்தா, அத மாட்டிக்கிட்டு நான் எங்கம்மா போறது?" என்றார். பிறகு தலைவரிடம், "வந்திருந்தேன்னு எழுதிடுங்க ஐயா" என்றார்.

எழுதினார்கள். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அப்பாவும் போட்டார், ஒவ்வொரு எழுத்தாக, பெரிய எழுத்தில். தலைவர் அவரைப் பெருந்தன்மைக்காரர் என்றார், இப்படிப்பட்டவர்களால்தான் நாடு நிற்கிறது என்றார். குமாஸ்தா பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"தம்பி" என்று கூப்பிட்டார் அப்பா. "அத ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துட்டுத் தரட்டுமா?"

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் பெரியவரே. இப்ப அது உங்களோடது இல்லையே."

நான் எட்டி அந்தப் பெட்டியைப் பிடுங்கி, திறந்து, பதக்கத்தை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். தடுக்க வருபவன் வரட்டும் என்று நின்றேன். யாரும் வரவில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைத் துணியில் லேசாகத் துடைத்தார். குமாஸ்தாவிடம் கொடுக்கப் போனவர் நின்று, தலைவரின் கோட்டைக் கூர்ந்து பார்த்தார்.

"ஐயா போட்டிருக்கறதும் இதேதானா?"

"ஆமா. அதே பதக்கம்தான்" என்றார் தலைவர். "அதே சண்டைக்கு, அதே நாள்ல வாங்கினது."

எங்கள் அப்பாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தால் சித்தப்பாவை எப்போதோ ஓடவிட்டிருப்பார். அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"மலைமேல ஐயாவப் பாத்த ஞாபகம் இல்லையே. ரெண்டு கண்ணும் கட்டியிருந்தவங்களக்கூட எனக்கு முகம் ஞாபகம் இருக்கு."

"நான் மேல வரல" என்றார் தலைவர். குரல் சட்டென்று தணிந்துவிட்டது. "கீழ முகாம்ல இருந்தேன். டெலிபோன் பொறுப்பு."

"ஓ, கீழயா" என்றார் அப்பா. அவர் முகம் தெளிந்தது. ஐம்பது வருஷத்துப் பாரத்தில் பாதி இறங்கிய மாதிரி ஒரு நிம்மதி. "நல்லதாப் போச்சு ஐயா. அப்ப உங்களுக்காவது சண்டை அன்னிக்கு சாப்பாடு சூடாக் கிடைச்சிருக்கும்."