இடப்பக்க மரை

இக்னேசியஸின் காரிலிருந்து பின் இடப்பக்கச் சில்லு கழன்று ஓடியது ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில். மல்வேர்னில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கார் ஒரு பக்கம் சரிந்து றோட்டை உரசிக்கொண்டு நின்றது. சில்லு தன்பாட்டில் உருண்டு போய் பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடியை உடைத்தது. அங்கே வேலைக்குப் போவதற்கு நின்ற பெண் ஒருத்தி, இரண்டடி தள்ளி நின்றதால் தப்பினாள். இக்னேசியஸ் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவள் தலைமயிரில் கிடந்த கண்ணாடித் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அது 1967ஆம் ஆண்டு பிளிமத் வலியன்ற். இக்னேசியஸுக்கு ஐம்பத்துமூன்று வயது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய காரை, ஸ்னோ முழுக்கக் கரைந்த பிறகுதான் வெளியே எடுப்பார்.

பொலிஸ்காரர் வந்து, சில்லைக் கடைசியாகப் பூட்டியது யார் என்று கேட்டார். ரயர் கடை என்றார் இக்னேசியஸ். மூன்று கிழமைக்கு முன் நாலு ரயரும் மாற்றிய பில் காருக்குள் இருந்தது. பூட்டியவரின் பெயர் அர்ஷாத் என்று அதில் போட்டிருந்தது. பொலிஸ்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவி ஜோசப்பினுக்கும் இக்னேசியஸ் அதையே சொன்னார். இரண்டாம் தரம் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது.

உண்மையில் அந்தச் சில்லைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியது அவர்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிறேக் பார்ப்பதற்காகக் கழற்றப் போனார். சில்லைப் பிடித்து நிற்பவை ஐந்து மரையாணிகள். நட்டுகள் அசையவில்லை. ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி, முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினார். ஓர் ஆணி முறிந்தது. இறுகிப் பிடித்துவிட்டது என்று நினைத்து அடுத்ததிலும் அமத்த, அதுவும் முறிந்தது. பிறகுதான் போனில் தேடிப் பார்த்தார். அந்தக் காலத்து வலியன்றுகளில் இடப்பக்கச் சில்லுகளுக்கு மரை எதிர்ப்பக்கமாம்; வலப்பக்கம் திருப்பினால்தான் நட்டுக் கழருமாம். அவர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். மற்ற மூன்றையும் சரியான பக்கம் திருப்பிக் கழற்றி, பிறேக்கைப் பார்த்து, அந்த மூன்றோடேயே சில்லைப் பூட்டினார். புது ஆணி வரும்வரை மெதுவாக ஓடலாம் என்று நினைத்தார்.

கார் மஸூரின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டது. மஸூர் பழைய கார்களோடு பழகிய மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமை அவர் போன் எடுத்து, ஒருக்கா வந்து பார்க்கச் சொன்னார்.

கழற்றிய பிறேக் ட்றம் பெஞ்சில் கிடந்தது. ஐந்து ஆணிகளின் முறிந்த துண்டுகளும் அதிலேயே இருந்தன. மஸூர் லைற்றைக் கிட்டப் பிடித்தார்.

"அண்ணை, இதில ரெண்டு முதலே முறிஞ்சது. முறிஞ்ச இடத்தில கறள் ஏறியிருக்கு. மற்ற மூண்டும் சனிக்கிழமை முறிஞ்சது. பளிச்செண்டு கிடக்கு, பாருங்கோ."

ரயர் கடையில் முறித்துவிட்டு மறைத்திருப்பார்கள் என்றார் இக்னேசியஸ். முறிந்து மூன்று கிழமை ஆகியிருந்தால் கறள் இதைவிடக் கறுத்த துருவாக இருக்கும் என்று மட்டும் மஸூர் சொன்னார். பிறகு லைற்றை நிற்பாட்டினார்.

"அந்த அர்ஷாத்தை எனக்குத் தெரியும். ஜும்மாத் தொழுகையில காணுறனான். பொலிஸ் விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வரவேண்டாம் எண்டு கடையில சொல்லிப்போட்டினம்."

இக்னேசியஸ் கறள் பிடித்த இரண்டு துண்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அர்ஷாத்தின் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ரயர் மாற்றிய அன்று இக்னேசியஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் கிட்ட வந்து, இடப்பக்கச் சில்லு நட்டுகளை மறுவளம் திருப்ப வேண்டும் என்று ஏதோ சொன்னதும், தான் கையைக் காட்டி ஓம் ஓம் என்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"நான்தான் முறிச்சனான், மஸூர்," என்றார்.

மஸூர் ஆச்சரியப்படவில்லை. "இதை எனக்குச் சொல்லி என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அன்றே இக்னேசியஸ் பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போய், முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னார். பாதுகாப்பில்லாத வாகனம் ஓட்டியதற்குத் தண்ட ரிக்கற் எழுதினார்கள். முதலே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார்கள். அங்கிருந்து ரயர் கடைக்குப் போய் முதலாளியிடமும் சொன்னார். வீட்டில் ஜோசப்பின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெடியனோடு கதைத்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

அர்ஷாத்தை அடுத்த நாள் அவருடைய வீட்டு வாசலில் சந்தித்தார். முப்பது வயதிருக்கும். கதவைப் பாதி திறந்தபடி முழுவதையும் கேட்டார்.

"நான் ராத்திரி படுக்கேல்ல," என்றார் அர்ஷாத். "அஞ்சு நட்டையும் கையால இறுக்கினது ஞாபகம் இருக்கு. எண்டாலும் நானே என்னை நம்பேல்ல. வேலை நிண்டதை மனுசிக்கு இன்னும் சொல்லேல்ல."

இக்னேசியஸ் மன்னிப்புக் கேட்டார். சொன்னதற்கு நன்றி என்றார் அர்ஷாத். உள்ளே வரச் சொல்லவில்லை. புதன்கிழமை அவரைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாத முடிவில் அவர் அந்தக் கடையை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு மஸூர் சொன்னார். காரணம் தனக்குத் தெரியாது என்றார்.

மஸூர் முறிந்த துண்டுகளைப் பிறெஸ் மெஷினில் வைத்துத் தள்ளி எடுத்தார். இடப்பக்க மரை ஆணி தேடினால் கிடைக்கும், பத்து நாள் செல்லும் என்றார். இல்லையென்றால் இடப்பக்கத்து இரண்டு சில்லுகளுக்கும் வழமையான மரை ஆணியும் நட்டும் போட்டுவிடலாம். கார் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதில் இக்னேசியஸ் ஆறு வருடமாகப் பிடிவாதமாக இருந்தவர், றேடியோவைக்கூட மாற்றவில்லை.

"வழமையானதையே போடுங்கோ," என்றார்.

மஸூர் பத்து ஆணிகளையும் ஒவ்வொன்றாக அமத்தி இறக்கினார். சில்லுகளைப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு, நட்டுகளை இன்னொருக்கா இறுக்கத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குக் கிட்ட, ரூஜ் பக்கமாக மெதுவாகச் சுற்றிச் சுற்றி அந்த நூறையும் ஓடி முடிக்க இக்னேசியஸுக்கு மூன்று கிழமை எடுத்தது.