கைப்பிடியில் தெரிந்த கோடுகள்

பழைய சாமான் கடையில் வாங்கிவந்த ஷேவிங் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள் பூங்குழலி. பழைய ரேசர், பிரஷ், சவரக் கிண்ணம் என்று தேடிப் பிடித்து, துலக்கி, போனில் படம் போட்டு விற்பதுதான் அவள் தொழில். மைசூரு அக்ரஹாரத்தில் அவளும் கணவனும் குடியிருந்த மாடி அறைதான் பட்டறை.

மயிர்க்கற்றையின் அடியில் எந்தக் காலத்துச் சோப்போ சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது. துளி ஷாம்புவும் வினிகரும் விட்டுச் சீப்பால் மெல்ல வாரியதும் பால் போலக் கரைந்து இறங்கியது.

பிடியைப் பிளாஸ்டிக் என்று நினைத்துத்தான் பற்பசை தொட்டுத் தேய்த்தாள். கறுத்த அழுக்கு கழன்றதும் அடிப்பாகத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, வலை பின்னினாற்போல. அவள் கை நின்றுவிட்டது.

அந்தக் கோடுகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். காட்டோரத்து ஹனூரில் அவள் சிறுமியாக இருந்தபோது, தந்தக் கடத்தல்காரர்களைத் தேடி வந்த வனத்துறைக் காக்கி உடுப்புக்காரர்கள், குறுக்கே வெட்டப்பட்ட தந்தத் துண்டு ஒன்றை அவள் அப்பா சித்தையனின் முகத்துக்கு நேரே நீட்டி, "மிச்சம் எங்கடா?" என்று கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பியபோது அவரால் இடது காலை ஊன்ற முடியவில்லை.

"ஏனுங்க, இது யானைத் தந்தமுங்க."

கணவன் மதனின் முகம் மலர்ந்தது. "அதான் விஷயமா! காலையில துலக்கறதுக்கு முன்னாடியே நான் படம் போட்டதும் ஒருத்தர் நேர்ல வர்றேன்னுட்டார் புள்ள."

"இதை விக்கக் கூடாதுங்க. புடிச்சா ஜெயிலு."

அவன் பதில் சொல்வதற்குள் கீழே வாசலில் பைக் வந்து நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

வந்தவன் பெயர் மல்லப்பன். சட்டைப் பையிலிருந்து ஊசியும் லைட்டரும் எடுத்தான். ஊசிமுனையைச் சிவக்கக் காய்ச்சிப் பிடியின் அடியில் அழுத்தினான். பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி இறங்கியிருக்கும். இறங்கவில்லை.

"அசல்," என்றான்.

"கொடுக்கறதுக்கில்லீங்க." பூங்குழலி கையை நீட்டினாள்.

அவன் பிரஷ்ஷைத் தரவில்லை. "நோடி, பாருங்க அக்கா, படம் போட்டது நீங்க. என் போன்ல இருக்கு. ஃபாரஸ்ட் ஆபீசுக்கு அனுப்பினா யாரு மாட்டுவா?"

"குடுத்துரு புள்ள, தொலையட்டும்," என்றான் மதன்.

இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸ் இருக்கும் தெருப்பக்கமே அவள் போனதில்லை. ஆனாலும் போனை எடுத்து அந்த ஆபீஸ் நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"நீங்க எதுக்குங்க சிரமப்படணும்? நானே சொல்லிடறேன். உங்க பேரு, பைக் நம்பரு எல்லாஞ் சேத்தியே சொல்றேன்."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. மல்லப்பன் அவளையே முறைத்துக்கொண்டு நின்றான். மறுமுனையில் யாரோ "ஹலோ" என்றதும் பிரஷ்ஷை மேசைமேல் வீசிவிட்டு மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினான்.

அன்று மதியமே இருவரும் ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி பிரஷ்ஷை உறையில் போட்டு ஒட்டினார். எந்தக் கடை, யார் வந்தது என்றெல்லாம் கேட்டு எழுதினார்.

"சொந்த ஊர்?" கன்னடத்தில் கேட்டார்.

"ஹனூர்."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்தார். "தந்தம்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

பூங்குழலி மதனின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவைப் புடிச்சிட்டுப் போன அன்னிக்குப் பாத்தது சார். அவரு எதுவும் பண்ணலை."

அவர் குனிந்து ஒரு வரி சேர்த்து எழுதினார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீயாவே கொண்டுவந்து ஒப்படைச்சேன்னு எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடம்மா."

வெளியே வந்ததும் மதன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றான். "நான் பயந்துட்டேன் புள்ள."

"நானுந்தானுங்க," என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் ஒருமுறை திரும்பி அந்த ஆபீஸ் வாசலைப் பார்த்தாள்.