இல்லாத ரோபோ

"அண்ணா, கைய எடுங்க!"

ஹரிதா போட்ட கத்தலில் கொதிகலத்தின் மூடிக்குப் போன ஆலைத் தொழிலாளி முனிகிருஷ்ணனின் கை விருட்டென்று பின்வாங்கியது.

"இன்னாம்மா நீ? பச்சை எரிஞ்சா தெறக்கலாம்னு நீதானே சொல்லிக்குடுத்த?"

எரியத்தான் எரிந்தது. சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் புதுத் திரையில், காலையில் வைத்த குங்குமப் பொட்டுக்குக் கீழே, 'பிரஷர் இறங்கிவிட்டது. திறக்கலாம்' என்று பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. பிரஷரை அளந்து சொல்ல வேண்டிய ஒயரோ ஹரிதாவின் கையில் தொங்கியது. சோதிக்க அவளே பிடுங்கியது. பக்கத்தில், கண்ணாடி விரிசல் விட்ட பழைய மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

முனிகிருஷ்ணன் அந்த முள்ளைப் பார்த்தார். தன் முழங்கையிலிருந்த பழைய ஆவி சுட்ட தழும்பைத் தடவிக்கொண்டார்.

ஹரிதா, தன்னோடு வேலை பார்க்கும் சாய்குமார் பக்கம் திரும்பினாள். "ரோபோவ விட்டு இந்தத் திரைய ஒரே நாள்ல எப்படி பிரிச்ச?"



ஹரிதாவும் சாய்குமாரும் வேலை பார்ப்பது ரேணிகுண்டாவில், ரோபோக் கைகள் செய்யும் கம்பெனியில். திரையில் வரும் பட்டன், மீட்டர், விளக்கு எல்லாவற்றுக்குமான மென்பொருள் ஹரிதா எழுதியது. ரோபோவோடு ஒட்டித்தான் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். ரோபோ ஒயர்களைச் சோதித்து 'சரி' என்று சேதி அனுப்பினால்தான் திரை திறக்கும், விளக்கு எரியும். இந்த ஆலைக்கு ரோபோ வேண்டாம், திரை மட்டும் போதும். "பிரிக்க மூணு வாரம் ஆகும் சார்" என்றாள். "சாய் ஒரு நாள்ல முடிப்பான்" என்றார் முதலாளி கோபிகிருஷ்ணன்.

ஹரிதா லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு நிமிஷத்தில் அகப்பட்டது. சாய்குமார் எதையும் பிரிக்கவில்லை. ஒரு பொய் ரோபோவை எழுதி உள்ளே உட்கார்த்தியிருந்தான். நொடிக்கு ஒருதரம் 'எல்லாம் சரி' என்று சேதி அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை.

"இல்லாத ரோபோ நல்லா கீறேன்னு சொல்லிக்கினு கீது, அத நம்பி இவர் மூடியத் தெறக்கணுமா?"

"சார்தான்... திரை வந்தா போதும்னாரு."

அதே நேரம் கோபிகிருஷ்ணன் உள்ளே வந்தார், கூடவே ஆலை உரிமையாளர் ஜெகநாதன்.

"பாத்தீங்களா சார், பச்சை!" கோபிகிருஷ்ணன் கையை விரித்துக் காட்டினார். ஹரிதாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "இன்னாம்மா? சின்ன விஷயம்னா அப்புறம் பாத்துக்கலாம். சர்லே, சரி விடு, அட்ஜஸ்ட் பண்ணு."

அந்த 'அட்ஜஸ்ட்' ஹரிதாவின் உச்சி மண்டையில் போய் இறங்கியது. ஒயரை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பச்சைதானே சார் எரியுது? முனிகிருஷ்ணன் அண்ணா எதுக்கு? நீங்களே மூடியத் தெறங்க."

கொதிகலம் உஸ்ஸென்றது. கோபிகிருஷ்ணன் ஒயரைப் பார்த்தார், நடுங்கும் முள்ளைப் பார்த்தார். விரித்த கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"தெறங்க சார்! உங்க கைன்னா மட்டும் வேகுமா?"

ஜெகநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா. இத சரியா செய்ய எத்தினி நாள்?"

"மூணு வாரம். அன்னிக்கும் அதான் சொன்னேன்."

"அது வரைக்கும் இந்தத் திரைய கழட்டி வெச்சிடு. பழைய மீட்டரே ஓடட்டும்."

ரேணிகுண்டா வந்ததும், "வேற கம்பெனி பாத்துக்கோ" என்றார் கோபிகிருஷ்ணன். "மூணு வாரம் கழிச்சு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஹரிதா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஜெகநாதனுக்கு வாக்குக் கொடுத்த வேலை, முடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கோபிகிருஷ்ணனால் அவளை அனுப்ப முடியவில்லை.

முதல் வேலையாகப் பொய் ரோபோவை அழித்தாள். பிறகு, விளக்கு ஒயரிடமே நேராகக் கேட்கும்படி, ரோபோவோடு இருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

இருபத்தோராம் நாள், ஆலையில் திரையை மறுபடி பொருத்தியதும், முனிகிருஷ்ணனே ஒயரைப் பிடுங்கினார். கண் மூடித் திறப்பதற்குள் திரை சிவந்தது: 'ஒயர் இல்லை. திறக்காதே.' மாட்டினார். மறுபடி பிடுங்கினார். மறுபடி சிவந்தது.

"இன்னொருதரம் பிடுங்கட்டாம்மா?"

"கை சலிக்கிற வரைக்கும் பிடுங்குங்கண்ணா" என்றாள் ஹரிதா.