உண்டியலில் விழுந்த போல்ட்

“ஏட்டி, இது நல்லாத்தான இருக்கு? பெறகு எதுக்குக் கழத்திப் போட்டாவ?”

அம்மா முத்துமீனாள் கேட்டபோது சங்கரேஸ்வரி பதில் சொல்லவில்லை. அம்மாவின் உள்ளங்கையில் பெருவிரல் தடிமனுக்கு ஒரு போல்ட் இருந்தது. விமானத்தின் சக்கரக் காலில் இருந்து கழற்றியது; அண்ணன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிடைத்தது. துருவில்லை, கீறலில்லை.

பதில் அவளுக்குத் தெரியும். ஹைதராபாத்தில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்யும் அண்ணன் சிவகணேஷ், முந்தின நாள் ஊருக்கு வந்ததும் சொல்லியிருந்தான். விமானம் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மொத்தப் பாரமும் அதன்மேல் விழும். ஏறினதும் தளரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒருநாள் ஒடியுமே, அப்படித்தான். உள்ளே விரிசல் எப்போது விழும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இத்தனை தடவைதான் இறங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அது முடிந்தால், நல்லா இருந்தாலும் கழற்றி, யாரும் திரும்ப மாட்டாமல் இருக்க இரண்டாக அறுத்துவிடுவார்கள். அறுக்க வேண்டியதைச் சட்டைப்பையில் போட்டு, மறந்து பஸ் ஏறிவிட்டான். திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

இதைச் சொல்ல வாய் திறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவளுக்கு அது வரவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அம்மா போல்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, கோவிலுக்கு வா என்றாள்.

கால்வலிக்காரர்கள் அங்கே உண்டியலில் கால் தகடு வாங்கிப் போடுவார்கள். பூச்சிக்குப் பயந்தவர்கள் பாம்பும் தேளும் போடுவார்கள். டிவியில் விமானம் விழுந்த செய்தி வந்தால் அன்று முழுக்க அம்மாவுக்குச் சோறு இறங்காது. உண்டியல் முன்னால் கண்ணை மூடி நின்று முந்தானையை அவிழ்த்தாள். சில்லறைமேல் விழுகிற சத்தம் கேட்டது. சங்கரேஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள்.

மத்தியானம் அண்ணனுக்குப் போன் வந்தது. கழற்றினதில் ஒன்று குறைகிறது, விமானத்துக்குள்ளேயே விழுந்து கிடக்கிறதோ என்று பறக்க விடாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். என்னிடம்தான் இருக்கிறது என்றான். அப்படியானால் நாளை மேஜைமேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட்டாய் என்றுதான் எழுதுவோம், வேலைக்கு வராதே என்றார்கள். அவன் பையைக் கவிழ்த்துத் தேடினான்.

“அத சாமிக்குப் போட்டுட்டேன் மக்கா,” என்றாள் அம்மா. “நீ முடுக்குத பிளேனு ஒண்ணும் விழப்பிடாதுல்லா.”

கோவிலுக்கு ஓடினான். பின்னாலேயே இவளும் போனாள். உண்டியலுக்குச் சீல் வைத்திருந்தது. எண்ணுகிற அன்றுதான் திறப்பார்கள், அது அடுத்த மாதம் என்று அங்கிருந்தவர் தன்மையாகத்தான் சொன்னார்.

“தேளு கெடக்கு, பாம்பு கெடக்கு. போல்ட்டு இப்பத்தான் தம்பி கேள்விப்படுதேன்.”

அண்ணன் வெளியே வந்து போனில் விவரம் சொன்னான். உண்டியல் என்ற வார்த்தையை இந்தியிலும் இங்கிலீஷிலும் விளக்கிப் பார்த்தான். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு போன் வைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டான்.

“ஒங்கிட்ட சொன்னம்லா. அம்ம போடும்போது நீயும் அங்கனதான நின்ன?”

தலையை அசைத்தாள். காலையில் அசைத்த அதே அசைவு. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. போய்த் தீயைக் குறைத்தாள்.

அம்மா திருநீறு கொண்டுவந்து பூசினாள். நெற்றியைக் காட்டினான். பிறகு பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.