அசையாத விசில்

தையல்காரிக்கும் மாடியில் குடியிருந்த அவள் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் ஒரு ரேடியோ.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். மனைவி இறந்தபின் தனிக்கட்டை. வேலை விட்டு வந்ததும் தானே கட்டிய ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிளாஸ்டிக் குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, ஒரே ஒரு டிரான்சிஸ்டர், பேட்டரி, ஹெட்போன். சாமான் அவ்வளவுதான். பிடித்த அலையையே திரும்பத் திரும்பத் தனக்குள் ஊட்டி வலுவாக்கிக்கொள்ளும் சாதனம் அது. கடல் தாண்டிய நிலையங்கள்கூடக் கேட்கும். ஆனால் குமிழை மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் போதும், தானே அலையைக் கக்க ஆரம்பித்துவிடும். ஏரியல் கம்பி தங்கையின் ஜன்னலை ஒட்டித் தொங்கியதால் கீழே அவள் ரேடியோவில் விசிலடிக்கும்.

பொழுதெல்லாம் மிஷினில் குனிந்து கிடப்பவளுக்கு ரேடியோப் பாட்டு ஒன்றுதான் ஆறுதல். ஒருநாள் மாடியேறிப் போய்க் கத்தினாள்.

"உங்க ஆராய்ச்சிக்கு என் பாட்டுதான் கெடைச்சுதா?"

"பாட்டுக்கு விசில் விழுந்தா நல்லதுதானே? தியேட்டர்ல அடிக்கிறதில்லையா?" என்று அண்ணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி போனதுலேருந்து உங்களுக்குப் புத்தியே பிசகிப்போச்சு."

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. அவர் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கீழேயிருந்து சாப்பாடு போவதும் நின்றது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் விசில் வந்தது. வழக்கமாக அது ஏறும், இறங்கும், வேறெங்கோ நழுவிப் போய்விடும். அன்று ஒரே சுருதியில் நின்றது.

"வேணும்னே பண்றாரு," என்று துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். விசில் அசையவில்லை. மறுபடி இடித்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன், பஸ் ஓட்டுகிறவன், நிமிர்ந்து பார்த்தான். "மேல போய் என்னன்னு கேட்டுட்டு வாயேன்."

"நான் எதுக்குங்க போகணும்? வேணும்னா அவரு எறங்கி வரட்டும்."

ரேடியோவை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, கணவன் வேலைக்குப் போனபின், மறுபடி போட்டாள். அதே விசில், அதே சுருதி. குமிழின்மேல் ஒரு மனிதக் கை இருந்தால் அது இப்படி நிற்காதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடினாள்.

கதவு தாழிடாமல் இருந்தது. மேஜைக்கடியில் அண்ணன் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. கண்கள் மட்டும் திறந்து அவளையே பார்த்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "எப்ப விழுந்தாரு?"

"நேத்து மத்தியானம்."

"நல்லாத் தெரியுமா? பக்கத்துல யாராவது இருந்தீங்களா?"

"தெரியும்," என்றாள்.

டாக்டரம்மா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா."

உயிர் தங்கியது. வலது கையும் காலும் பேச்சும் திரும்பவில்லை. தையல் மிஷின் பக்கத்திலேயே கட்டில் போட்டு அண்ணனைக் கிடத்தினாள். கழுவிவிடுவதும் ஊட்டுவதும் அவள்தான். பார்க்க வந்தவர்கள், கூடப்பிறந்தவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் இடிச்சது கேட்டுச்சாண்ணே?"

ஆமென்று அவர் மெல்லத் தலையசைத்தார்.

"நான் வருவேன்னு நெனச்சீங்களா?"

அதற்கும் தலையசைத்தார்.

அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள். அவரும் வாயைத் திறந்தார். அந்த வருஷக் கடைசியில் அவர் இறந்துபோகிறவரை அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.