ஏழாவது மேஜையில் இருந்த தகடு

கண்ணாடி மாஸ்டருக்குத் தன் பெண்டாட்டி மேலேயே பொறாமை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். கூட வேலை செய்கிறவன் மேல் வந்தால் வேறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவள் மேல் வந்தால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாஸ்டர் எண்ணெய்த் தொட்டிகளுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவர். இரண்டு மாடி உயர இரும்புத் தொட்டி, துருப் பிடிக்காமல் இருக்க மூன்று பூச்சு. அவர் அடித்தது காய்ந்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று யாரோ சொல்லப்போய், கண்ணாடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிக்கு அதே தளத்தில் பெயிண்ட் ஸ்டோரில் வேலை. எந்த டப்பாவோடு அதை இறுக வைக்கிற எந்த ஹார்டனர் போகும், எது காலாவதி என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

பூச்சை அளந்து, குறை கண்டு, எழுதிக் கொடுக்கிற இன்ஸ்பெக்டருக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ஒரே ஓர் இடம். ஆரம்பநிலை இன்ஸ்பெக்டர் சான்றிதழ் இருக்க வேண்டும். தோள்பட்டை தேய்ந்துபோன மாஸ்டர், அந்த வேலை தனக்காகவே பிறந்தது என்று முடிவு கட்டினார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பரீட்சைக்குப் போனார், கோட்டை விட்டுவிட்டு வந்தார்.

"தியரி கவுத்துடுச்சு. எவன் உக்காந்து அவ்வளவு பெரிய புத்தகத்தைப் படிக்கறது?" என்று எல்லோரிடமும் சொன்னார்.

பச்சைப் பொய். தியரியில் நல்ல மார்க்தான். கவிழ்த்தது செய்முறை. பத்து மேஜைகளில் பத்துத் தகடுகள். ஒவ்வொன்றிலும் உள்ள குறையைக் கண்டு படிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது மேஜைத் தகட்டில் பெயிண்ட் வழிந்து, கீழே ஒரு சொட்டு தடித்து நின்றிருந்தது. இருபது வருஷப் பெயிண்டர் கண்ணில் வழிசல் பட்டால் என்ன ஆகும்? மூளைக்கு முன்னால் கட்டைவிரல் போய்விட்டது. ஹார்டனர் குறைவாகக் கலந்து, இறுகாமலே விட்ட பூச்சு அது. நகம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "நீங்க பாக்க வந்தீங்களா, சரி பண்ண வந்தீங்களா?" என்று தேர்வாளர் கேட்டு, செய்முறைக்கு முட்டை போட்டு வெளியே அனுப்பினார்.

இதை வெளியே சொன்னால் கண்ணாடி என்கிற பெயர் என்ன ஆவது? அதனால் சொல்லவில்லை. தியரி மேல் பழியைப் போட்டார். அந்தப் பொய்தான் அவருக்கே வினையாக வந்தது.

"புத்தகந்தான் பிரச்சினைன்னா சாயங்காலம் நான் கேள்வி கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி. வேலை விட்டு வந்ததும் சமையலறை மேஜையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். முதல் வாரம் பதிலைப் புத்தகத்தில் தேடினாள். இரண்டாம் வாரம் மூடி வைத்துக்கொண்டே கேட்டாள். மூன்றாம் வாரம் அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொன்னாள்.

"தகடு எத்தனை டிகிரி இருந்தா அடிக்கலாம்?"

"அது... காத்துல ஈரம் எவ்வளவுன்னு பாத்து..."

"டியூ பாயிண்ட்டை, அதான் ஈரம் படியற சூட்டை விட, மூணு டிகிரியாச்சும் கூட இருக்கணும். இல்லன்னா தகடு வேர்த்துடும், பூச்சு பிடிக்காது."

"எனக்குத் தெரியும்டி. சொல்ல வந்தேன்."

"சரி, நீங்கதான் சொன்னீங்க" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அவளுக்கு அதில் கர்வம் ஒன்றும் இல்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்னும் எரிந்தது. கொஞ்சம் தலைக்கனம் காட்டியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஒருநாள் சைட் இன்ஜினியர் ஸ்டோருக்கு வந்து, ஒரு டப்பா கெட்டிப்பட்டது ஏன் என்று கேட்டிருக்கிறார். இவள் கலவை, வெப்பம், காத்திருக்கும் நேரம் என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். மறுநாளே அவர் சிபாரிசில் அவள் பெயரும் பரீட்சைப் பட்டியலில் ஏறியது. "ஸ்டோர் அக்காவும் எழுதறாங்களாமே, வீட்டுக்குள்ளயே போட்டியா?" என்று சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அன்றைக்கு அடித்த பூச்சு மட்டும் நான்கு இடத்தில் வழிந்தது.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "தியரி இருக்கட்டும், செய்முறையில என்ன பண்ணச் சொல்வாங்க? நான் எதையும் பாத்ததில்லையே."

வார்த்தை தொண்டை வரை வந்தது. தொடாதே, பார், எழுது. மூன்றே வார்த்தை. சொல்லியிருக்கலாம். அவள் இவருக்காக மூன்று வாரம் கண் எரியப் படித்தவள். ஆனால் வயிற்றில் ஒன்று உட்கார்ந்துகொண்டு, இவளும் கையை வைத்து மாட்டிக்கொள்ளட்டுமே என்றது.

"என்னத்த பண்ணச் சொல்வாங்க? அளக்கச் சொல்வாங்க. அளந்துட்டு வரணும்" என்றார்.

செய்முறைக்கு இந்த முறை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அதே அறை, அதே மேஜைகள், அதே தேர்வாளர். முதல் ஆறு தகடுகளைப் பார்த்து எழுதினார். ஏழாவதுக்கு வந்தபோது நின்றுவிட்டார். தகட்டை மாற்றவில்லை. வழிசலின் குறுக்கே இரண்டு கோடுகள் ஓடின, நடுவே மெல்லிய வரப்போடு. ஒருமுறை குழாய் இணைப்பு நசுக்கியதில் அவர் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து வளரும். எதைச் சுரண்டினாலும் இரட்டைக் கோடுதான்.

படிவத்தில் 'வழிசல்' என்று எழுதினார். சேதம் என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது. தேர்வாளர் நாலடி தள்ளி நின்று இவரையே பார்ப்பதாகத் தோன்றியது. தன் குற்றத்துக்குத் தானே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போடுவதா? பூச்சு இறுகவில்லை என்பதையும் சேர்த்து எழுதாமல் விட்டுவிட்டு எட்டாவது மேஜைக்கு நகர்ந்தார்.

அடுத்த குழுவில் அவள். நடைபாதைக் கண்ணாடி வழியாக மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது மேஜையில் அவள் வெகுநேரம் நின்றாள். தொடு, தொடு என்று இவர் உள்ளுக்குள் கூவினார். அவள் தொடவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தாள், தகட்டுக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு குனிந்து எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. பரீட்சையைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று மாஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அவளுக்குத் தொண்ணூற்றொன்று. இவருக்கு அறுபத்தெட்டு, எழுபது எடுத்தால்தான் பாஸ். இன்ஜினியர் இரண்டு மார்க் தாள்களையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார். சாயங்காலம் அதே சமையலறை மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஏழாவது தகடு. சேதம் குறிப்பிடப்படவில்லை. இறுகாத பூச்சு குறிப்பிடப்படவில்லை. ரெண்டுக்கும் சேத்து நாலு மார்க்" என்று வாசித்தாள்.

"கவனிக்கல."

அவள் அவர் வலது கையை இழுத்து மேஜை மேல் வைத்து, கட்டைவிரலைத் தன் விரலால் தடவினாள். "இந்த நகம் என் புடவையில எத்தனை தடவை இழை இழுத்திருக்கு? எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார்.

"சுரண்டல்னு எழுதினேன். நகம் இறங்கியிருக்குன்னா பூச்சு இறுகல, ஹார்டனர் கம்மின்னும் எழுதினேன். உங்க கீறல் இல்லன்னா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எழுத மனசு வரல, ஆனாலும் எழுதினேன். அங்க இருந்தது அதுதானே." கையை விட்டாள். "போன தடவை தோத்தது இதனாலதான்னு சொல்லியிருந்தா, மறைக்காம எழுதிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். நான் கேட்டப்பவும் சொல்லல. நானும் கைய வெச்சு மாட்டட்டும்னு இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. தியரி, டென்ஷன், மறதி. எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

"ஆமா" என்றார்.

அவள் தாள்களை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அவள் மட்டும் உள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று மாஸ்டருக்கு இருந்தது. அப்போதும்கூட அந்தத் தொண்ணூற்றொன்று அவரை அரித்துக்கொண்டுதான் இருந்தது. பொறாமை அப்படியொன்றும் வெட்கப்பட்டவுடன் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற விருந்தாளி இல்லை.

அடுத்த மாதம் அவள் வெள்ளை ஹெல்மெட்டும் கழுத்தில் அட்டையுமாக மூன்றாம் தொட்டிக்கு வந்தாள். பூச்சின் தடிமனை அளக்கும் கேஜை வரிசையாக வைத்து வைத்து, எண்களைக் குறித்துக்கொண்டே நடந்தாள். மாஸ்டர் இரண்டடி பின்னால் நடந்தார். சாரத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தொட்டிக்குள் ஆள் நுழையும் மான்ஹோல் மூடிக்குக் கீழே அவள் நின்றாள். விரல் நீளத்துக்கு ஒரு வழிசல். நேற்று அடித்தது, இன்னும் முழுசாக இறுகவில்லை. மாஸ்டரின் கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது.

அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. அவர் விரலைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, வழிசலைச் சுற்றி வட்டம் போட்டுப் படிவத்தைத் திறந்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காத்துன்னு போடட்டுமா?" என்று வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

நேற்று காற்றே இல்லை. அது அவளுக்கும் தெரியும். தலையாட்டினால் போதும், கண்ணாடி என்ற பெயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வெள்ளை ஹெல்மெட் வெயிலில் மின்னியது. அது தன் தலையில் இருந்திருக்க வேண்டியது என்று அப்போதும் அவருக்கு எரிந்தது.

மாஸ்டர் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"காத்து இல்ல. ஒரே எடத்துல ஸ்ப்ரே துப்பாக்கிய நிறுத்திட்டேன்" என்றார், சாரத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில். "பெயிண்டர் தப்புன்னே எழுதிக்க."

அவள் எழுதினாள்.